செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு சுவர். இடுப்பு உயரம் வரை காரை உதிர்ந்துவிட்டதென்று பல ஆண்டுகளுக்கு முன் அங்கே மட்டும் சிமெண்ட் பூசினோம். பளிச்சென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அந்தச் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறியது. அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த பழைய பூச்சில் உப்புப் பூத்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். அதோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. உள்ளே இருந்த கல்லை விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய செட்டிநாட்டு வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து எழுந்தவை. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. போக இடமில்லாத ஈரம் பக்கவாட்டிலும் மேலேயும் வழி தேடும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு, செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லை உடைக்கும். மேலும் சிமெண்ட் விறைப்பானது. பழைய சுவரோ வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பச் சற்றே அசைந்து கொடுப்பது. இரண்டும் ஒட்டி வாழாது. சுண்ணாம்புச் சுவரின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதும் இதே தவறுதான்; சில ஆண்டுகளில் தோல் தோலாக உரியும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பே போதும்.

அடுத்த தவறு அவசரம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைக்க வேண்டும். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்த மெல்லிய பூச்சைப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லத்தான் கல்லாகிறது. அதை விரட்ட முடியாது. சித்திரை வெயிலில் பூசினால் வெடிப்பு விடும், ஐப்பசி அடைமழையில் பூசினால் இறுகாது. தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. கூலியையும் யோசித்துப் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசினால் வேலையை ஓட்டத்தான் எவருக்கும் தோன்றும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரிது. அவருக்கு நாள் கூலி கொடுங்கள், நியாயமாகக் கொடுங்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பீங்கான் டைல்ஸ் போல நினைத்துக் கெடுத்தவர்கள் ஏராளம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூவும் கொடியும் நிற்கும். அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறும். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுப் பிரியும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. சூளையில் வேகாத கல் இது. ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்முகம் அரித்துப்போகும், மெருகு திரும்பாது. பதித்த முதல் நாட்களில் கறை தெரிந்தால் பயந்து ஆசிட்டைத் தேடாதீர்கள். தண்ணீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வாருங்கள். நடக்க நடக்க மெருகு ஏறும். கையால் செய்வதால் ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் வண்ணம் சற்று மாறும். தேவைக்கு மேல் சில டஜன் கல்லைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. வீட்டின் வெப்பக் காற்று மேலேறி வெளியேறுவது அந்த வாய் வழியாகத்தான். மூடிவிட்டு ஏசி வாங்குகிறார்கள். குரங்கும் பறவையும் தொல்லை என்றால் கம்பி வலை போதும்.

மரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கறையான் அரித்தது கூரையைத் தாங்கும் கைமரத்தின் ஒரு முனை மட்டுமென்றால், அந்த முனையை வெட்டிப் புது மரத்தைப் பொருத்தத் தெரிந்த ஆசாரி இருக்கிறார். முழுக் கூரையையும் பிரித்துக் கான்கிரீட் போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். பர்மாத் தேக்கை ஒருமுறை விற்றுவிட்டால் திரும்ப வாங்க வழியில்லை.

இத்தனை தவறுகளுக்கும் அடியில் இருப்பது ஒன்று: கைவினைஞரைக் கடைசியில் அழைப்பது. பொறியாளர் வரைபடம் போட்டு, ஒப்பந்தக்காரர் இடித்து முடித்த பிறகு, அலங்காரத்துக்காக அவரைக் கூப்பிடுகிறோம். நாங்கள் இரண்டாம் முறை அப்படிச் செய்யவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு கொத்தனாரை முதலில் வரவழைத்தோம். அவர் கரண்டியைத் தொடவேயில்லை. சுவரோரமாக நடந்தபடி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டார். பொத்தென்று கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். பிறகு வெளியே போய், கூரைத் தண்ணீர் சுவரடியில் விழும் இடத்தைக் காட்டி, “இதைத் திருப்பி விடாமல் பூச்சு வேலையை ஆரம்பிக்காதீர்கள் தம்பி” என்றார். அந்த வாரம் முழுக்க வாய்க்கால் வேலைதான் நடந்தது. வட்டமிட்ட இடங்களை மட்டும் கொத்திப் பூசினோம். மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்தோம். தாத்தா காலத்துப் பூச்சு அப்படியே இருக்கிறது.