மொட்டைமாடித் தொட்டியில் செங்காந்தள்

ஐப்பசி மழைக்குப் பிறகு அழகர்மலைப் பக்கம் போனவர்கள், புதருக்குள்ளிருந்து தீக்கொழுந்துபோல எட்டிப்பார்க்கும் இந்தக் கொடியைக் கண்டிருப்பீர்கள். அதற்காக மண்வெட்டியோடு மலையேறிவிட வேண்டாம். காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரத்தில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே போய்க் கண்வலிக்கிழங்கு என்று கேளுங்கள். செங்காந்தள் என்றால் புலவர் யாரோ வந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

தொடும் முன் ஓர் எச்சரிக்கை. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிகுதி. இதிலுள்ள கோல்சிசின் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாவது உண்மைதான். அதை நம்பி வீட்டில் வைத்தியம் செய்தால் உயிருக்கே ஆபத்து. கையுறை அணியுங்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கைக்குழந்தையோ ஆடோ உள்ள வீடென்றால் வேறு கொடி பாருங்கள்.

முதலில் கிழங்கு. ஐம்பது கிராமுக்குக் குறையாமல், கெட்டியாக இருக்க வேண்டும். ஏர்க்கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் இருக்கும் முளைதான் அதன் உயிர். உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. முதல் வருடம் மூன்று கிழங்குகளைப் பையில் குலுக்கிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். இரண்டு மாதம் வெறும் மண்ணுக்கே தண்ணீர் ஊற்றினேன். பழைய துணியில் சுற்றி எடுத்துவாருங்கள்.

நடவு, ஆடியில். ஓரடி ஆழமுள்ள தொட்டி. செம்மண், ஆற்றுமணல், மட்கிய சாண எரு மூன்றும் சமபங்கு. கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். முளை வெளியே தெரியும்வரை ஈரம் காய்ந்தால் மட்டும் நீர். மதுரை வெயிலைவிடத் தேங்கும் தண்ணீர்தான் இதற்கு எமன். அடைமழை நாட்களில் தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள்.

பற்றுக்கோல். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அதன் பிடி சிறியது. தடித்த மூங்கிலைச் சுற்ற முடியாமல் திணறும். புளிய மிலார் நாலைந்தை ஊன்றினாலே போதும், தானே ஏறிக்கொள்ளும். தண்டை வளைத்துக் கட்டினால் முறிந்துவிடும்.

பூ. நட்ட இரண்டு மாதத்தில் மொட்டு வரும். பசுமஞ்சளாகத் திறந்து, ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். பூவின் பெண்பாகமான சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிச் செங்கோணமாக வளைந்திருப்பதால், தானாகக் காய் பிடிப்பது அரிது. விதை வேண்டுமென்றால் காலையில் மெல்லிய தூரிகையால் வேறொரு பூவின் மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் நுனியில் தடவுங்கள்.

தையில் கொடி காயும். பட்டுப்போய்விட்டது என்று பிடுங்காதீர்கள். பழைய கிழங்கு சுருங்கி, புதியது உள்ளே உருவாகியிருக்கும். தண்ணீரை நிறுத்தித் தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். அதன்மேல் ‘நஞ்சுக்கிழங்கு உள்ளே, ஆடிவரை தொடாதே’ என்று பெயின்டால் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் அதைக் காலித்தொட்டி என்று நினைத்துக் கொத்தமல்லி விதைத்துவிட்டார்கள்.