போட்டோ மாதிரி இருக்கு என்று சொல்வதற்கு முன்

குன்னூரில் பிரேம் கடை வைத்திருப்பதால் கலர் பென்சில் படங்கள் நிறைய என் கை வழியாகப் போகின்றன. கோத்தகிரிக்காரர் ஒருவரின் படம் வந்தால் மட்டும் அன்றைக்குக் கண்ணாடி வெட்டும் வேலை தள்ளிப்போகும். கடைக்கு வருபவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்படியே போட்டோ மாதிரி இருக்கே" என்பார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அவர் படம் போட்டோ மாதிரி இல்லவே இல்லை. கை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே விட்டுவிட்டது என்று ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிற படம் அது. அதைப் பார்க்கக் கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

பிரேம் போடாத படமாக இருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே வேண்டாம். விளிம்பை மட்டும் பிடித்துத் தாளைச் சாய்த்துப் பாருங்கள். சில இடம் பளபளக்கும், சில இடம் மங்கலாகக் கிடக்கும். பளபளப்பது அழுத்தித் தேய்த்த இடம். தாளின் சொரசொரப்பைப் பென்சிலில் இருக்கும் மெழுகு முழுக்க அடைத்துவிட்டதால் அங்கே இனி நிறம் ஏறாது. மங்கலான இடத்தில் தாளின் வெள்ளை இன்னும் புள்ளி புள்ளியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஓவியர் எதை முடிவாகச் சொல்லிவிட்டார், எதை லேசாக விட்டிருக்கிறார் என்பது இதிலேயே பாதி புரிந்துவிடும்.

போன மாதம் வந்தது ஒரு தேயிலைச் சரிவு. ஒரு இலைகூட வரையவில்லை. கவ்வாத்து செய்த, அதாவது கிளை வெட்டிவிட்ட, செடிகளுக்குக் குட்டையான, வெடுக்கென்ற கோடுகள். எல்லாம் சரிவு இறங்கும் திசையிலேயே. பாதைக்கு மேலே மட்டும் கோடுகள் குறுக்கே திரும்புகின்றன, நம் கண்ணும் அங்கே போய் நிற்கிறது. மேலே மூடுபனி. அதற்கு வெள்ளைப் பென்சில் தொடவே இல்லை. கலர் பென்சில் நிறம் ஒளி ஊடுருவுவது. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை போட்டால் சாம்பல் பூசினாற்போல் ஆகும். அதனால் பனி முழுக்க வெறும் தாள்தான். சீகை மரங்களின் கோடுகள் அதை நெருங்க நெருங்க, பென்சிலை மெல்லத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

சோலைக்குள் இருக்கும் இருட்டைப் பார்க்க லென்ஸ் வேண்டும். நடுவில் பார்க்காதீர்கள், ஓரத்தில் பாருங்கள். அடுக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகள் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இவர் கறுப்பு தொடுவதில்லை. கருநீலம், அடர் சிவப்பு, பழுப்பு, மறுபடி கருநீலம். இருட்டுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைப் புல் தெரிந்தால், நிறம் போடுவதற்கு முன்பே மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் தாளில் பள்ளம் கீறியிருப்பார்கள். பென்சில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது.

இதற்குப் பிறகு நீங்களே போட்டுப் பாருங்கள். முழுப் படம் வேண்டாம். ஒரு அட்டையில் ஒரு அங்குலச் சதுர ஓட்டை வெட்டி, படத்தில் பிடித்த இடத்தின் மேல் வைத்து, அந்தச் சதுரத்தை மட்டும் நகலெடுங்கள். பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி போதும். எங்கள் ஊரில் டிசம்பர் குளிரில் மெழுகுப் பென்சில் விறைத்துக்கொண்டு நிறம் விடாது, ஸ்வெட்டர் பையில் கொஞ்ச நேரம் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கித் தொளதொளத்துப்போகும், கூர்முனை கிழித்துவிடும். அந்த மாதங்களில் முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்வது நல்லது.

ஓவியரை நேரில் பார்த்தால் "இந்த இடத்தை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்பதைவிட அவருக்கு அது சந்தோஷம்.

படத்தை வாங்குவதாக இருந்தால் பென்சிலையும் விசாரியுங்கள். மலிவுப் பென்சிலில் ஊதாவும் இளஞ்சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். கொடைக்கானல் பக்கம் 2018இல் பூத்த குறிஞ்சியை அப்படி வரைந்து வெயில் படும் சுவரில் மாட்டினால், அடுத்த பூ 2030இல் வருவதற்குள் படம் வெளிறிவிடும். ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸில் நட்சத்திரக் குறி இருக்கும். மூன்று இருந்தால் வெளிச்சத்தைத் தாங்கும். அது எண்ணெய் வகை. மெழுகு வகையில் இன்னொரு தொல்லை: சில வாரத்தில் அடர்ந்த இடங்களின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். பூஞ்சை என்று பயந்து பலர் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பூஞ்சை திட்டுத் திட்டாக, வெறும் தாளிலும் வரும். மெழுகு, அழுத்திய இடத்தில் மட்டும் ஒரே சீராகப் படரும். மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். அதன்பிறகு ஃபிக்ஸடிவ் (படத்தின் மேல் அடிக்கும் பாதுகாப்பு ஸ்பிரே) அடித்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்துப் பிரேம் போடச் சொல்லுங்கள். மவுண்ட் வேண்டாம், காசு மிச்சம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.