ரோபோக் கூட்டாளியுடன் இணையப் பிரிட்ஜ்: ஏலத்தில் எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது

பாபநாசத்திலோ கும்பகோணத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலத்தில், வியாபாரி தன் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிடலாம். பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் ஏலம் அப்படிப்பட்டதன்று. இங்கே ஒவ்வொரு கேட்பும் விலையாக இருப்பதோடு, எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கு நம் கையைப் பற்றிச் சொல்லும் செய்தியாகவும் இருக்கிறது. அந்தக் கூட்டாளி மனிதராக இல்லாமல் ரோபோவாக, அதாவது கணினி நிரலாக, இருக்கும்போது செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆட்டத்தின் அடிப்படையும், ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற புள்ளிக் கணக்கும் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் தை மாதம் வந்தால் நான்கு பேர் சேர்வது அரிது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நிலம் வைத்திருப்பவர்கள் களத்தைவிட்டு வரமாட்டார்கள். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு முடிக்கும்வரை சீட்டு மேசை காலியாகவே கிடக்கும். அப்படி ஒரு தையில்தான் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் மூன்று ரோபோக்களுடன் தனியாக உட்கார ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் அடி வாங்கினேன். மன்றத்தில் பல வருடங்களாகப் பழகிய கூட்டாளியுடன் பேசுவதைப் போலவே ரோபோவுடனும் பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

அத்தளத்தின் ரோபோவுக்கு ஜிப் என்று பெயர். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் மேத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய அந்த நிரல், 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கணினிகளுக்கான உலகப் பிரிட்ஜ் பட்டத்தை வென்றது. அது ஏலம் கேட்கும் முறையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, எந்தக் கேட்புக்கு எத்தனை புள்ளி, எந்த இனத்தில் எத்தனை சீட்டு என்று வகுத்து வைத்த விதித் தொகுப்பு. இரண்டாவது, சில கட்டங்களில் அதுவரை கேட்கப்பட்டவற்றுக்கு ஒத்துவரும் கைகளைத் தனக்குள் பலமுறை பகிர்ந்து பார்த்து, நான்கு கைகளும் திறந்து கிடப்பதாக வைத்துக்கொண்டு, எந்தக் கேட்பு அதிகம் தரும் என்று கணக்கிடுவது. இரண்டுக்குமே அடிப்படை ஒன்றுதான்: நீங்கள் கேட்டதை எழுத்துக்கு எழுத்து அது நம்புகிறது. பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். எழுதியவர் மனத்தில் வேறொன்று இருந்தது என்று பிறகு சொல்லிப் பயனில்லை அல்லவா? இங்கும் அப்படித்தான்.

ஆகவே முதல் பழக்கம், கேட்பதற்கு முன் விளக்கத்தைப் படிப்பது. கேட்கப்போகும் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால், அந்தக் கேட்பை ரோபோ எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது சிறு குறிப்பாகத் தோன்றும்: இத்தனை புள்ளி, இந்த இனத்தில் இத்தனை சீட்டு, இது ஃபோர்சிங்கா (கூட்டாளி பாஸ் சொல்லக் கூடாத கேட்பா) இல்லையா என்று. புள்ளி சில நேரங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று ஏஸ் முதல் ஜாக் வரையிலான சீட்டுப் புள்ளி, மற்றொன்று கையின் அமைப்புக்கும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தப் புள்ளி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் கைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் விளக்கம் பல வேளைகளில் கிடைக்காது. அப்போது எந்த விளக்கம் நம் கையைப் பற்றி மிகக் குறைவாகப் பொய் சொல்கிறதோ அதைக் கேட்க வேண்டும். புள்ளியில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். துருப்பு நீளத்தில் சொல்லும் பொய்தான் ஆளை வீழ்த்தும். ஐந்து சீட்டை ஆறு என்று சொன்னால், அந்த ஆறாவது சீட்டை நம்பி ரோபோ இன்னொரு படி ஏறிவிடும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ரோபோ 1 ஸ்பேடில் தொடங்கியது. என் கையில் ஸ்பேடில் 7, 4. ஆட்டினில் கிங், 8, 3. டைமண்டில் ஏஸ், குயின், 10, 6, 2. கிளாவரில் ஜாக், 9, 5. மொத்தம் 10 புள்ளி. நான் ஆட்டம் கற்ற காலத்தில், 10 புள்ளியும் நல்ல ஐந்து சீட்டும் இருந்தால் இரண்டாம் படியில் புது இனம் கேட்கலாம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நினைப்பில் 2 டைமண்ட் கேட்டேன். ரோபோ 2 ஸ்பேட் என்றது. நான் 2 நோ டிரம்ப் என்று சொல்லி, இத்தோடு நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அது சற்றும் தயங்காமல் 3 நோ டிரம்ப் என்றது. அதன் கையில் 12, என் கையில் 10, ஆக 22 புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்பது பிடிக்குப் போராடி, இரண்டு பிடி குறைந்து தோற்றேன். குற்றம் முழுக்க என்னுடையது. ஜிப் ஆடும் முறைக்கு ‘டூ ஓவர் ஒன்’ என்று பெயர். அதில் 1 ஸ்பேடுக்கு மேல், எதிராளி குறுக்கே வராத நிலையில், இரண்டாம் படியில் புது இனம் கேட்டால், கேம் (3 நோ டிரம்ப், 4 ஸ்பேட் போல கூடுதல் மதிப்பெண் தரும் ஒப்பந்தம்) வரை போகும் அளவுக்குக் கை இருக்கிறது என்று உறுதி கொடுத்ததாகப் பொருள். உறுதி கொடுத்துவிட்டு நடுவில் நிற்க முடியாது. அந்தக் கைக்கு 1 நோ டிரம்ப்தான் சரியான விடை. அது அந்த முறையில் ஒரு சுற்றுக்கு ஃபோர்சிங் என்பதால், ரோபோ பாஸ் சொல்லிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதுமில்லை.

தொடக்கக் கேட்பிலும் இதே பார்வை உதவும். ஸ்பேடில் கிங், 8, 4. ஆட்டினில் ஏஸ், குயின், 9, 6, 3. டைமண்டில் கிங், ஜாக். கிளாவரில் கிங், 7, 2 என்று 16 புள்ளி வருகிறது என்போம். ஐந்து ஆட்டின் இருப்பதால் 1 ஆட்டின் என்று தொடங்கக் கை துடிக்கும். தொடங்கிய பிறகு ரோபோ 1 ஸ்பேட் சொன்னால் என்ன செய்வது? 1 நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14 வரை என்று எடுத்துக்கொள்ளும். 2 நோ டிரம்ப் என்றால் 18 அல்லது 19 என்று நினைக்கும். நம்மிடம் இருக்கும் 16ஐச் சொல்ல இடமே இல்லை. முதலிலேயே 1 நோ டிரம்ப் என்று 15 முதல் 17 வரையிலான சமநிலைக் கையாக அறிவித்துவிட்டால் ஒரே மூச்சில் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்டேமன் (நான்கு சீட்டு மேஜர் உண்டா என்ற விசாரணை), டிரான்ஸ்பர் (தன் நீண்ட இனத்தைக் கூட்டாளியைக் கேட்க வைப்பது) ஆகியவற்றை ரோபோ பிசகாமல் கையாளும். ஐந்து சீட்டு மேஜர் (ஸ்பேட் அல்லது ஆட்டின்) இருந்தாலும் இந்த வரம்புக்குள் கை இருந்தால் நான் 1 நோ டிரம்ப்பையே தேர்கிறேன். மன்றத்து நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நேருக்கு நேர் மனிதருடன் ஆடும்போது அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

பல ரோபோப் போட்டிகளில், நான்கு கைகளில் சீட்டுப் புள்ளி அதிகமுள்ள கையை நமக்கே தருவார்கள். சமமாக மற்றவர்களிடம் இருக்கலாம், நம்மைவிடக் கூடுதலாக எவரிடமும் இருக்காது. இந்த ஒரு செய்தியிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கட்டில் மொத்தம் 40 புள்ளி. உங்களிடம் 10தான் வந்திருக்கிறது என்றால் மீதி 30 மற்ற மூவரிடம் இருக்க வேண்டும். யாரும் பத்தைத் தாண்ட முடியாது. எனவே நால்வரிடமும் சரியாகப் பத்துப் பத்துதான். உங்களிடம் 11 என்றால், எதிராளிகள் இருவரும் அதிகபட்சமாக 22 வைத்திருந்தாலும் ரோபோவிடம் குறைந்தது 7 இருந்தே தீரும், கூடினால் 11. அதாவது இருவருக்கும் சேர்த்து 22க்கு மேல் கிடையாது. நீண்ட இனமோ வெற்று இனமோ இல்லாத கைகளில் கேம் கனவை அங்கேயே விட்டுவிடலாம். உங்களிடம் 12 என்றால் ரோபோவிடம் 4 முதல் 12 வரை. மொத்தம் 24ஐத் தாண்டாது. 13 வந்தால் அதன் கீழ்வரம்பு 1 ஆகிவிடுகிறது. ஆகவே 11, 12 உள்ள கைகளில் நான் சீக்கிரமே நின்றுவிடுகிறேன். 18, 19 உள்ள கைகளில் மீதி 22, 21 என்பது மூவருக்கும் சராசரியாக ஏழேழாகப் பிரிகிறது என்பதை நினைவில் வைத்து, ரோபோ ஒருமுறை வாய் திறந்தாலே கேம் பக்கம் போகிறேன்.

கேம் கேட்பதா வேண்டாமா என்ற ஊசலாட்டம் வரும்போது, எந்தக் கணக்கில் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இம்ப் முறையில் (மதிப்பெண் வித்தியாசத்தை அட்டவணைப்படி சிறு அலகுகளாக மாற்றும் கணக்கில்) வல்னரபிளாக (கேமுக்கான பரிசும் தோல்விக்கான தண்டமும் கூடுதலாக உள்ள நிலையில்) இருந்து, 4 ஸ்பேட் கேட்டு வென்றால் 620; 2 ஸ்பேடில் நின்று அதே பத்துப் பிடி எடுத்தால் 170. வித்தியாசம் 450, அதாவது 10 இம்ப். கேட்டு ஒரு பிடியில் தோற்றால் 100 போகிறது, நின்றிருந்தால் 140 வந்திருக்கும். வித்தியாசம் 240, அதாவது 6 இம்ப். பத்தைப் பெற ஆறைப் பணயம் வைக்கிறோம் என்பதால் நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே கேட்டுவிடலாம். வல்னரபிள் இல்லாதபோது அதே கணக்கு 6க்கு 5 என்று சுருங்கிவிடுவதால் 46 வாய்ப்பாவது வேண்டும். மேட்ச்பாயின்ட் முறையில் வித்தியாசத்தின் அளவுக்கு மதிப்பில்லை, அடுத்தவரைவிடக் கூட வந்ததா என்பதே கேள்வி; ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இல்லாமல் நான் மேலே போவதில்லை.

ஸ்லாம் (12 அல்லது 13 பிடி எடுப்பதாகக் கேட்பது) பக்கம் போகும்போது சுற்றி வளைப்பது ஆபத்து. ரோபோ 1 நோ டிரம்ப் என்று தொடங்க, உங்களிடம் 18 புள்ளிச் சமநிலைக் கை இருந்தால், அதன் குறைந்தபட்ச 15உடன் சேர்த்து 33 ஆகிவிட்டது. நேரே 6 நோ டிரம்ப் கேட்டுவிடுங்கள். 17 இருந்தால் 4 நோ டிரம்ப் கேட்கலாம். ஆனால் அது ஏஸ் எத்தனை என்று விசாரிப்பதாகாது; ‘உன்னிடம் உச்சவரம்பு இருந்தால் 6க்குப் போ’ என்ற அழைப்பாகவே ரோபோ அதை எடுத்துக்கொள்ளும். 16 என்றால் 3 நோ டிரம்ப்பில் அமைதியாக நில்லுங்கள். துருப்பு முடிவான பிறகு கேட்கும் 4 நோ டிரம்ப்தான் ஏஸ் விசாரணை. துருப்பு எது என்பதில் உங்களுக்கே ஐயம் இருந்தால், எதிரிலிருக்கும் கணினிக்கும் ஐயம் இருக்கும் என்று கொண்டு விளக்கத்தைத் திரும்பப் படியுங்கள்.

தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர்கள் மேசையில் கூட்டாளி நெடுநேரம் யோசித்தால் அதிலிருந்து பொருள் எடுப்பது விதிப்படியும் நெறிப்படியும் தவறு என்றாலும், காதும் கண்ணும் சும்மா இருப்பதில்லை. ரோபோவோடு ஆடும்போது அந்தத் தொல்லை அறவே இல்லை. நீங்கள் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து பாஸ் சொன்னாலும் அதற்கு அது வெறும் பாஸ்தான்.

கடைசியாக, அதிகம் பேர் சறுக்கும் இடம் டபுள். எதிராளி 1 ஆட்டின் என்று தொடங்குகிறார். உங்கள் கையில் ஸ்பேடில் கிங், 5. ஆட்டினில் ஏஸ், குயின், 10, 8, 4. டைமண்டில் கிங், 7, 3. கிளாவரில் 9, 6, 2. ‘என் இனத்தையே கேட்கிறானே’ என்று டபுள் போட்டு அடிக்கத் தோன்றும். ரோபோ அதை, ஆட்டின் குறைவாகவும் மற்ற மூன்று இனங்களும் தாங்கும்படியாகவும் இருக்கும் கை என்று படித்துவிட்டு, நான்கு சுமாரான ஸ்பேடை வைத்துக்கொண்டு 1 ஸ்பேட் என்று சொல்லும். உங்களிடம் அதற்குத் துணையாக இருப்பதோ இரண்டே சீட்டு. 1 நோ டிரம்ப் குறுக்கே கேட்பதற்கும் 12 புள்ளி போதாது. இங்கே சரியான கேட்பு பாஸ். அடுத்த எதிராளியும் பாஸ் சொல்ல, ரோபோவிடம் ஆட்டின் குறைவாக இருந்து அது தன் முறையில் டபுள் என்று திரும்பக் கேட்டால், அப்போதும் நீங்கள் பாஸ் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த அடி அந்த இரண்டாவது பாஸில்தான் விழும். பொறுமையாக இருக்க முடியாதவர்கள், ஒவ்வொரு கேட்பையும் உறுதிசெய்த பிறகே அனுப்பும் வசதியை அமைப்புகளில் இயக்கிவைத்துக்கொண்டால், டபுள் கட்டத்தின் மேல் விரல் போன பிறகும் அதன் விளக்கத்தை ஒருமுறை படிக்க அவகாசம் கிடைக்கும்.