லேசர் படாத இடம் காலியிடம் அல்ல: மரங்களை ஸ்கேன் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியாகப் பதிவு செய்து மரத்தின் வடிவத்தை அளக்கும் லேசர் ஸ்கேனர் இப்போது முதுகுப் பையில் அடங்கிவிடுகிறது. லைகா பி.எல்.கே.360 என்ற ஸ்கேனரின் முதல் மாடல் ஒரு கிலோ எடைதான். நொடிக்கு 3,60,000 புள்ளிகள் வரை பதிவு செய்யும். பெங்களூருக்கு ஆராய்ச்சிக்கு வரும் நம் தமிழ் மாணவர்கள் பலர் இதைக் கையில் எடுத்ததுமே வேலை பாதி முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவதே அதற்கு அப்புறம்தான்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, ஒரே இடத்தில் டிரைபாடை நிறுத்தி ஸ்கேன் செய்துவிட்டுக் கிளம்புவது. கப்பன் பூங்காவின் மூங்கில் புதர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக் கழிகளே கதிரைத் தடுத்துவிடும். திரையில் அந்தக் கழிகள் கணு கணுவாகத் தெளிவாகத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் ஒரு புள்ளிகூட இருக்காது. தருமபுரியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, புதருக்குள்ளே காலியா இருக்கு" என்றாள். காலியாக இல்லை. கதிர் அங்கே போகவே இல்லை.

இந்த வேறுபாடு கணக்கிலும் தெரிய வேண்டும். இடத்தைச் சிறு சிறு கனசதுரங்களாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் மூன்று வகையில் ஒன்றில் சேருங்கள்: கதிர் எதன்மீதோ பட்டுத் திரும்பியது, எதிலும் படாமல் கடந்து போனது, போய்ச் சேராதது. மூன்றாவதை இரண்டாவதோடு சேர்த்துவிட்டால் இலைப்பரப்பு குறைவாக வரும். அடர்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் கீழே நின்று ஸ்கேன் செய்தால் உச்சி மறைந்து, உயரமும் குறைந்துபோகும். மரங்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் 10 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு ஸ்கேன் செய்வதுதான் நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

தூரத்தையும் மறக்கக் கூடாது. ஒரு கதிருக்கும் அடுத்த கதிருக்கும் 0.04 பாகை கோண இடைவெளி விட்டு ஸ்கேன் செய்தால், 10 மீட்டர் தொலைவில் புள்ளிகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் இருக்கும். 30 மீட்டரில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். மெல்லிய குச்சிகள் அந்த இடைவெளியில் தப்பிவிடும். தப்பாமல் அகப்படுபவையோ, கதிரே அகன்றுவிடுவதால், உள்ளதைவிடத் தடிமனாகத் தெரியும். அரை சென்டிமீட்டர் ஆரமுள்ள குச்சி ஒரு சென்டிமீட்டர் ஆரமாகப் பதிவானால் அதன் கன அளவு நான்கு மடங்காகிவிடும். புள்ளிகள்மீது உருளைகளைப் பொருத்திக் கிளைகளின் கன அளவைக் கணக்கிடும் மென்பொருள் தரும் சிறு கிளைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

காற்றில் ஆடும் கிளை, இரண்டு ஸ்கேன்களைச் சேர்க்கும்போது இரண்டு கிளையாக வந்து நிற்கும். பெங்களூரின் ஜூன், ஜூலைக் காற்றில் இது சகஜம். அதிகாலையில் போனால் காற்று அடங்கியிருக்கும். ஆனால் மரப்பட்டை ஈரமாக இருந்தால் காயும்வரை பொறுங்கள். 1550 நானோமீட்டர் அலைநீளக் கருவிகளின் கதிரை நீர் உறிஞ்சிவிடும் என்பதால் திரும்பி வரும் ஒளி குன்றும். ஸ்கேன்களை இணைக்க வைக்கும் பிரதிபலிப்பு அடையாளங்களை ஆடும் இளங்கன்றில் கட்டாதீர்கள்.

பன்னேர்கட்டா பக்கம் உண்ணிச்செடி மறைக்கிறதென்று வெட்டிவிட்டு ஸ்கேன் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் புதரும் காட்டின் அமைப்பில் ஒரு பகுதிதானே! அதை எடுத்துவிட்டால், அளக்க வந்ததையே அழித்ததாகிவிடும்.

கெங்கேரியைத் தாண்டி உள்ள பெரிய ஆலமரத்துக்கு இப்போது மூல அடிமரமே இல்லை, விழுதுகள்தான் தாங்குகின்றன. புள்ளிகளைத் தனித்தனி மரமாகப் பிரிக்கும் தானியங்கி நிரலிடம் விட்டால் ஒவ்வொரு விழுதையும் தனி மரமாக எண்ணிவிடும். ஆல், அரசு வகைகளைக் கண்ணால் பார்த்துக் கையால் பிரியுங்கள்.

லேசர் தருவது கன அளவு மட்டுமே. எடை வேண்டுமானால் மர அடர்த்தி தெரிய வேண்டும், அதற்கு இனம் தெரிய வேண்டும். புளியும் சில்வர் ஓக்கும் ஒன்றல்ல. ஆண்டுக்காண்டு ஒப்பிடுவதாக இருந்தால் அதே பருவத்தில் போங்கள். இலை உதிர்த்துப் பூத்து நிற்கும் தபெபுயாவை மழைக்கால மரத்தோடு ஒப்பிட முடியாது.

கடைசியாக, டேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சில மரங்களையாவது கையால் சுற்றளவு எடுத்துச் சரிபாருங்கள். இந்தியாவில் வழக்கமாக 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். மென்பொருள்கள் பலவும் 1.3 மீட்டரில் எடுக்கும். எந்த உயரம் என்பதைக் களக் குறிப்பேட்டிலேயே எழுதிவிடுங்கள்.