புளியங்கொட்டைப் போக்கர்: உதார் விடக் கற்பது எப்படி?

போக்கரில், கையிலுள்ள சீட்டு சரியில்லாதபோதும் பந்தயம் வைத்து எதிராளியைச் சீட்டைக் கவிழ்க்க (அந்த ஆட்டத்தை விட்டு விலக) வைப்பதுதான் ப்ளஃப். நம்மூர்ப் பேச்சில் உதார். டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையின் விதிகள் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

முதலில் களம். காசு வேண்டாம். நான்கு பேர், ஆளுக்கு 50 புளியங்கொட்டை, கொட்டை பத்துக்குச் சமமாக 5 சோழி, ஆக 100. ப்ளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 1, 2. தீர்ந்தவருக்கு மறுபடி கொட்டை கிடையாது. முதலில் காலியானவர் எல்லோருக்கும் காபி போட வேண்டும். இழக்க ஒன்றுமில்லையென்றால் யாரும் கவிழ்க்க மாட்டார்கள், உதாரும் எடுபடாது. ஆத்தங்குடிக் கல் தரையில் ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பளபளப்பில் தூக்கிய சீட்டின் நிழல் தெரியும்.

அடுத்து, வெறும் உதாரை விட்டு செமி ப்ளஃபில், அதாவது இப்போது சரியில்லாவிட்டாலும் பின்னால் நல்ல கையாக மாறக்கூடிய சீட்டை வைத்து விடும் உதாரில், தொடங்குங்கள். சீட்டுப் போட்டது நீங்கள். கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் 5. நீங்கள் 5 வைக்க, சிறிய ப்ளைண்ட் சேர்கிறார், பெரிய ப்ளைண்ட் கவிழ்க்கிறார். பானையில் (நடுவில் சேர்ந்த பந்தயத்தில்) 12. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஆட்டின் ராஜா, ஆட்டின் 8, கிளாவர் 3. சிறிய ப்ளைண்ட் செக் சொல்கிறார் (பந்தயம் வைக்காமல் விடுகிறார்). நீங்கள் 6 வையுங்கள். மூன்றில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே நட்டமில்லை. கவிழ்க்காவிட்டாலும் மிச்சமுள்ள 9 ஆட்டினில் ஒன்று ரிவருக்குள் (கடைசிப் பொதுச் சீட்டுக்குள்) வந்து ஃப்ளஷ் (ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு) சேர ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பயந்துபோய் 2 மட்டும் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அந்த விலைக்கு யார்தான் கவிழ்ப்பார்?

அவர் கால் சொல்லி (நீங்கள் வைத்ததற்கு ஈடாக வைத்து), டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) கிளாவர் 9 விழுந்து, அவர் மறுபடி செக் சொன்னால் நீங்களும் செக் செய்து ரிவரை இலவசமாகப் பாருங்கள். அங்கேயும் ஆட்டின் வரவில்லையா, விட்டுவிடுங்கள். டர்னில் பதுங்கியவர் ரிவரில் திடீரென 16 வைத்தால் கதை ஒட்டாது. தவிர, இரண்டு ஆட்டின் உங்களிடமே இருப்பதால், அதே ஃப்ளஷ்சுக்குக் காத்து ஏமாந்தவர் எதிரே இருக்கும் வாய்ப்பும் குறைகிறது. அப்படி ஏமாந்தவர்தான் கவிழ்ப்பார்.

ஆளையும் பாருங்கள். எதற்கும் கால் சொல்லும் அம்மானிடம் உதார் விட்டால் காபி நீங்கள்தான் போடுவீர்கள். எத்தனை பேர் என்றும் பாருங்கள். எதிரே ஒருவர் பாதித் தடவை கவிழ்ப்பாரென்றால், அப்படிப்பட்ட மூவர் சேர்ந்து கவிழ்ப்பது எட்டில் ஒரு தடவைதான்.

கடைசியாக, கை. நல்ல சீட்டுக்குச் சோழியை மெதுவாக நகர்த்துபவர் உதாருக்கு மட்டும் டப்பென்று வைப்பார். எப்போதும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, ஒரே மாதிரி வையுங்கள்.