தேடல் சுட்டியை மீளக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே பழைய பத்திரிகைகளின் எண்ணிமப் படிகளுக்குத் தேடல் வசதி நடத்துகிறோம். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற வரியைப் பார்க்கும் வாசகர் மென்பொருளில் பிழை என்று நினைப்பதில்லை; அந்த இதழும் அழிந்துபோயிற்று என்றே எண்ணிக்கொள்கிறார். ஆகவே பல வழங்கிகளில் (சர்வர்களில்) பிரிந்து கிடக்கும் சுட்டியை, அதாவது எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியலை, மீளக் கட்டும்போதும் தேடல் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

பழைய சுட்டியை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதைக் கட்டத் தொடங்காதீர்கள். வேறு பெயரில் கட்டுங்கள். செயலிக்குச் சுட்டியின் உண்மைப் பெயர் தெரியவே வேண்டாம். எந்தச் சுட்டிக்கும் திருப்பிவிடக்கூடிய ஒரு மாற்றுப்பெயர் போதும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் அந்த மாற்றுப்பெயரைப் பழையதிலிருந்து நீக்குவதையும் புதியதில் சேர்ப்பதையும் ஒரே கோரிக்கையில் அனுப்பலாம். இரண்டாகப் பிரித்து அனுப்பினால் இடைப்பட்ட கணத்தில் வரும் தேடல்கள் அனைத்தும் தோற்கும்.

இதைவிட ஆபத்தான தவறு வெளியே தெரியாது. பழைய சுட்டியிலிருந்து ஆவணங்களை நகலெடுக்கத் தொடங்கிய கணத்தில் இருந்தவை மட்டுமே புதிய சுட்டிக்குப் போகும். பின்னர் வரும் மாற்றங்களை இரண்டு சுட்டிகளிலும் எழுதினால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். போதாது. திருத்திய பதிவின் மேல், தாமதமாக வந்து சேரும் பழைய நகல் எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் பதிப்பெண் கொடுத்து, சிறிய எண் பெரியதை மாற்றாதபடி இதைத் தடுக்கலாம். அழிப்புக்கு அதுவும் உதவாது. அழித்த ஆவணத்தின் பதிப்பெண்ணை எலாஸ்டிக்சர்ச் வழக்கமான அமைப்பில் 60 விநாடிகளே நினைவில் வைத்திருக்கும். நகலெடுப்போ மணிக்கணக்கில் ஓடும். ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதால் நாங்கள் நீக்கிய மரண அறிவித்தல் ஒன்று இப்படித்தான் மறுநாள் தேடலில் மீண்டும் வந்து நின்றது. அவர்களிடம் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை. நகலெடுப்பு தொடங்கும் முன்பிருந்தே மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவையுங்கள். முடிந்ததும் அழிப்புகள் உட்பட அனைத்தையும் அதே வரிசையில் மீண்டும் செலுத்துங்கள்.

வட்டில் ஏறத்தாழ இருமடங்கு இடம் வேண்டும். வழக்கமான அமைப்பில் 95% நிரம்பினால் அந்த வழங்கியில் ஒரு பகுதியாவது வைக்கப்பட்டுள்ள எல்லாச் சுட்டிகளிலும், பழையதிலும்கூட, எழுதுவது நின்றுவிடும். நகலெடுப்பின் வேகத்தையும் அடக்கிவையுங்கள்; தேடிக்கொண்டிருப்பவர்களும் அதே வழங்கிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஆவணங்களின் எண்ணிக்கை ஒத்துவந்த உடனேயே மாற்றுப்பெயரைப் புதிய சுட்டிக்கு மாற்றிவிடுவதும் தவறு. தமிழில் இது கூடுதல் சிக்கல். ‘கொக்குவில்’ என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. புதிய சுட்டியில் இதை ஒரே குறியாகச் சீராக்கிவிட்டு, தேடுசொல்லைச் சீராக்க மறந்தால், எண்ணிக்கை அப்படியே இருக்கும். இரண்டு குறிகளாக உள்ளிடுபவருக்குக் கொக்குவிலும் கிடைக்காது, கோப்பாயும் கிடைக்காது. வாசகர்கள் நேற்றுத் தேடிய சொற்களை இரண்டு சுட்டிகளிலும் கொடுத்து முடிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மாற்றிய பின்னும் சில நாட்களுக்குப் பழைய சுட்டியிலும் எழுதிக்கொண்டே இருங்கள். ஏதேனும் பிழை தென்பட்டால் மாற்றுப்பெயரை உடனே பழையதற்குத் திருப்பிவிடலாம்.