ஜேம்ஸ் மன்றோவைப் பற்றிப் பேச்சு எழுதுவது எப்படி?

தஞ்சை வட்டார மாணவர் முதலில், சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ வேறு, அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜேம்ஸ் மன்றோ வேறு என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்; இருவருமே படைவீரர்களாகத் தொடங்கியவர்கள் என்பதால் குழப்பம் எளிதில் நேரும்.

1758இல் வர்ஜீனியாவில் பிறந்ததை ஒரே வரியில் கடந்துவிட்டு, 1776 டிசம்பரில் பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து, அமெரிக்க விடுதலைப் போரின் டிரென்டன் சண்டையில் 18 வயதில் தோளில் குண்டடிபட்டுப் பிழைத்ததை விரிவாக எழுதலாம். வெள்ளக் கொள்ளிடத்தைப் பார்த்த அவையினருக்கு ஆற்றின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

அவர் வர்ஜீனியாவின் ஆளுநரான 1799இல்தான் இரண்டாம் சரபோஜி தஞ்சை ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார் என்று சேர்த்தால் காலம் மனத்தில் பதியும். 1817 முதல் 1825 வரை குடியரசுத் தலைவராயிருந்த அவர், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் புதிய குடியேற்றங்களை நிறுவக் கூடாதென 1823இல் அறிவித்ததைக் கூறும்போது, அவர் அடிமைகளை வைத்திருந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்.